மலைமேல் ஒரு தாயும் சேயும்

தேன்கனிக்கோட்டை! பெயரைச் சொல்லும்போதே நாக்கு இனிக்கிறதல்லவா? ஓசூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரப் பிரயாணம். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் 'டெங்கணிக்கோட்டை' என்றுதான் சொல்கிறார்கள். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல இருக்கிறது இந்த ஊர். கடைத்தெருவில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். காய்கறி விற்கிற அம்மாள் நம் முகத்தைப் பார்த்தே எந்தப் பாஷையில் பேசலாம் என்று தீர்மானித்துவிடுகிறாள்!

என் நாத்தனார் குடும்பம் ஓசூரில் இருக்கிறது. அவள் கணவருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. "பொங்கலுக்கு வாங்க அண்ணி, இந்தத் தடவை உங்களைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன தை மாதம் சேலத்திலிருந்து நானும் என் கணவரும் கிளம்பிவிட்டோம்.

ஓசூரே கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். விடியற்காலையில் வாசல் தெளிக்கத் தண்ணீரைத் தொட்டால் கை மரத்துப் போகிறது. பக்கத்தில் இருக்கும் தளி என்ற ஊரை, வெள்ளைக்காரர்கள் அதன் குளிருக்காகவே 'லிட்டில் இங்கிலாந்து' என்று கூப்பிட்டார்களாம். இப்போது அந்த வழியெல்லாம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள். நம் ஊர்ப் பூக்கடைக்கு வரும் நீளக்காம்பு ரோஜாவில் பாதி இந்தப் பக்கத்து மண்ணில் பூத்ததாகத்தான் இருக்கும் என்று நாத்தனார் பெருமையடித்துக்கொண்டாள்.

தேன்கனிக்கோட்டையில் முதலில் பேட்டராய சுவாமி கோயிலுக்குப் போனோம். கன்னடத்தில் 'பேட்டெ' என்றால் வேட்டை. வேட்டைக்கு வந்த பெருமாள் இவர். சுற்றிலும் காடு இருக்கும் ஊரில் பெருமாளும் வேட்டைக்காரராக இருப்பது பொருத்தந்தானே!

கேழ்வரகு மணக்கும் மலை

கோயிலிலிருந்து நேரே மலைக்குப் புறப்பட்டோம். நாத்தனாரின் சிநேகிதி ஒருவர் பெட்டமுகிலாளம் பக்கத்தில் ஒரு சின்ன மலைக்கிராமத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறார். 'பெட்டா' என்றால் கன்னடத்தில் மலை. முகில் என்ன என்று உங்களுக்கே தெரியும். அந்த டீச்சர் கூட வருவதாகச் சொன்னதால்தான் நாங்கள் கிளம்பினோம். தெரிந்தவர் துணையில்லாமல் அந்தப் பாதையில் போகக்கூடாது.

அய்யூர் காட்டைத் தாண்டும்போது ஜீப் டிரைவர் கண்ணாடியை இறக்கக்கூடாது என்றார். யானைகள் நடமாடும் வழி அது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக யானைகள் இந்தக் காடுகளுக்கு வருகின்றன. கேழ்வரகு முற்றும் மாதங்கள் அவற்றுக்கு விருந்துக் காலம். வயல் ஓரத்து மரங்களில் பரண் கட்டி ராத்திரியெல்லாம் காவல் காக்கிறார்கள். இந்த மலைக்காடுகளில் 500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பை 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது.

மேலே போய் இறங்கியதும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. அறுத்துப் போட்ட கேழ்வரகுத் தாளின் மணமும் விறகுப் புகையின் மணமும் கலந்து வந்தது. நாங்கள் போனது இருளர் மக்கள் வாழும் ஊர். முப்பது வீடு இருந்தால் அதிகம்.

இருளர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு கணக்கில் வைத்திருக்கும் ஆறு இனங்களில் இவர்களும் ஒன்று. மற்றவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர். நீலகிரி, கோவை, செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களில் இருளர்கள் இருக்கிறார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் வடநெம்மேலியில் தொடங்கியது. பாம்புக்கடிக்குப் போடும் ஊசி மருந்து தயாரிக்க, அவர்கள் எடுத்துத் தரும் விஷம் நாட்டின் பல பாகங்களுக்கும் போகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் வீட்டுப் பிள்ளையின் உயிரைக் காக்கிற மருந்தில் அவர்கள் கை இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

முகத்தை மறைத்த முந்தானை

களத்துமேட்டு ஓரம் ஒரு மரத்தில் பழைய சேலையில் தூளி கட்டியிருந்தது. பக்கத்தில் ஓர் இளம் பெண் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். சத்தம் கேட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு மாதக் குழந்தை. சுருட்டை முடி, கொழுகொழு கை, கன்னத்தில் பால் காய்ந்த தடம். பார்க்கப் பார்க்க ஆசையாயிருந்தது.

எங்களுடன் நாத்தனார் மகளும் வந்திருந்தாள். காலேஜில் படிக்கிறாள், படம் எடுப்பதில் கொள்ளை ஆசை. "அத்தை, லைட் எவ்வளவு நல்லா விழுது பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே ஃபோனை உயர்த்தினாள்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கோபிக்கவும் இல்லை. முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள், அவ்வளவுதான். மூடிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும் கண்ணு, ஃபோனைப் பையில வை" என்றேன். பெண்ணும் உடனே வைத்துவிட்டாள். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "இந்த வழியா சுத்திப் பார்க்க வர்றவங்க எல்லாருமே எடுக்கிறாங்க. குழந்தையைக் கண்டா விடறதில்லை. இவங்க வேண்டாம்னு வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க."

நான் அவள் பக்கத்தில் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். புடைக்கிற வேலை எனக்கும் தெரிந்ததுதானே! இன்னொரு முறம் கிடைத்தது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகப் பேசும். அவள் பேச்சு இருளப் பேச்சும் கன்னடமும் தமிழுமாகக் கலந்திருந்தது. புரியாத இடத்தில் டீச்சர் கைகொடுத்தார்.

குழந்தைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். தாய்ப்பால்தான், ஆறு மாதத்துக்குப் பிறகு கேழ்வரகுக் கூழும் என்றாள். ராத்திரி ஊறவைத்து, காலையில் அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலைக் காய்ச்சிக் கொடுக்கிறாளாம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் என் மாமியார் செய்து கொடுத்தது இதேதான்! 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு தாய்ப்பாலோடு திட உணவு என்று டாக்டர்கள் சொல்கிற கணக்கும் அவளிடம் சரியாக இருந்தது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவும் உண்டு. தடுப்பூசி அட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூரையில் செருகி வைத்திருக்கிறாளாம்.

அரை மணி நேரம் போயிருக்கும். குழந்தை என் மடிக்கு வந்துவிட்டது. அப்போது அவளாகவே என் நாத்தனார் மகளைப் பார்த்துக் கேட்டாள்: "படம் எடுத்தா எனக்குக் குடுப்பீங்களா?"

"ஓ, காட்டறேனே!" என்றாள் இவள்.

"காட்டறது இல்ல. கையில குடுப்பீங்களா?"

பிறகு டீச்சர் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அவள் பாஷையில் பேசினாள். டீச்சர் அப்படியே சொன்னார். முன்னே ஒரு பெண் குழந்தை இருந்ததாம். மூன்று வயதில் ஜுரம் கண்டு போய்விட்டதாம். அதற்குச் சில மாதம் முன்னால் காரில் வந்த சிலர் அந்தக் குழந்தையைப் படம் எடுத்திருக்கிறார்கள். குழந்தை சிரித்ததாம். அவர்களும் ஃபோனைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

"அந்தப் படம் யார்கிட்டயோ இருக்குது அக்கா. எங்கிட்ட இல்ல. இப்ப முகம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துபோகுது."

யாருக்கும் பேச வாய் வரவில்லை. மடியிலிருந்த குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பெயர் கேட்காத படங்கள்

யோசித்துப் பார்த்தால் இந்தக் கதை இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி, ரங்காச்சாரி என்பவரின் துணையோடு, 1909-ல் ஏழு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். ஊர் ஊராகப் போய் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார், படமும் எடுத்தார். அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் இனத்தின் பெயர்தான் இருக்கும். நிற்பவள் யார், அவள் இடுப்பில் இருப்பது யார் பிள்ளை என்று இருக்காது.

வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். 1936 மார்ச் மாதம். அமெரிக்காவில் பஞ்ச காலம். கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் கூடாரத்தில், குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்க, கன்னத்தில் கை வைத்துக் கவலையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை டாரதியா லாங் என்ற பெண்மணி படம் எடுத்தார். உலகம் முழுவதும் பிரசித்தமான படம் அது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாயின் பெயரையோ அவள் கதையையோ தாம் கேட்கவில்லை என்று லாங் அம்மையாரே பின்னால் எழுதினார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த இடத்துக்கு உணவு மூட்டைகளை அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் பிழைப்புத் தேடிப் போய்விட்டது!

நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் யாரென்று ஊருக்குத் தெரியாது. 1978-ல்தான் தெரிந்தது. அவள் பெயர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவள். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று மனம் கசந்து சொன்னாள். லாங்குக்கும் தனியாகப் பணம் வரவில்லை, அது அரசாங்கத்துக்காக எடுத்த படம். ஆனாலும் பெயரும் புகழும் எடுத்தவருக்குத்தானே கிடைத்தது! 1983-ல் அந்தத் தாய் நோய்வாய்ப்பட்டபோது பிள்ளைகள் வைத்தியச் செலவுக்கு ஊரைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வருஷமே அவள் இறந்துபோனாள்.

அதே போல 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஒரு பத்திரிகைக்காக எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம், மறு வருஷம் அட்டையில் வந்து உலகமெல்லாம் சுற்றியது. அந்தப் பெண் தன் படத்தை முதன்முதலாகப் பார்த்தது 2002-ல். அப்போது அவளே குழந்தைகளுக்குத் தாய்!

நம் நாட்டில் அந்தமானில் ஜாரவா மக்களைப் படம் எடுப்பதே சட்டப்படி குற்றம். மலையில் மற்ற இடங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் நம் மனசுதான் சட்டம்.

அவள் இஷ்டப்படி ஒரு படம்

"கையில குடுக்கிறோம்மா. டீச்சர்கிட்ட அனுப்பி வைக்கிறேன். இது என் பொறுப்பு" என்றேன். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையாட்டியதும் எழுந்து வீட்டுக்குள் போனாள்.

நாத்தனார் மகளுக்கு ஒரே ஏமாற்றம். "அத்தை, முறத்தோட அப்படியே எடுத்தாத்தான் இயற்கையா இருக்கும்" என்று என் காதில் கிசுகிசுத்தாள். "உன் காலேஜ் விழாவுக்குப் படம் எடுக்கும்போது நீ அடுப்படி நைட்டியோடயா நிப்பே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து வந்தாள் அந்தப் பெண். தலை வாரி, முகம் கழுவி, ஒரு ரோஸ் கலர் சேலை. பக்கத்து வீட்டுப் பெண் தன் பாசிமணி மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டாள். குழந்தைக்குக் குளிருக்குப் போடும் குல்லாயை எடுத்துவிட்டுச் சுருட்டை முடி தெரிய வாரியிருந்தாள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. கரியைத் தொட்டுப் பெரிசாக வைத்திருந்தாள்.

களத்திலும் வேண்டாம், குடிசை முன்னாலும் வேண்டாம் என்றாள். அங்கன்வாடிச் சுவரில் புதிதாக நீலச் சாயம் அடித்திருந்தது. அதன் முன்னால் நேராக நின்றாள். சிரிக்கவில்லை. "கொஞ்சம் சிரிங்கக்கா" என்று இவள் சொன்னதற்கும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து கேமராவை நேருக்கு நேர் பார்த்தாள்.

எனக்கு எங்கள் வீட்டு வளைகாப்புப் படங்கள் ஞாபகம் வந்தன. என் அம்மா, பெரியம்மா எல்லாருடைய படத்தையும் பாருங்கள். பூத்தைத்த பின்னல் தெரிய முதுகுக்குப் பின்னால் கண்ணாடி, கை நிறைய வளையல், பட்டுப் புடவை. ஒருத்தர்கூடச் சிரித்திருக்க மாட்டார்கள். படம் என்றால் பேரன் பேத்தி காலம் வரை சுவரில் இருக்கப்போவது, அதில் மரியாதையாகத் தெரிய வேண்டும் என்ற நினைப்பு. அதே நினைப்புத்தான் இவளுக்கும். 'படம் எடுத்தால் ஆயுசு குறையும்' என்று எங்கள் பாட்டி பயந்ததும், ஒரு வயது வரை கைக்குழந்தையைப் படம் எடுக்க விடாததும்கூட ஞாபகம் வந்தது. இவள் முந்தானையால் மூடியதற்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

மூன்று படம் எடுத்தோம். மூன்றையும் காட்டினோம். ஒன்றில் குழந்தை கண்ணை மூடியிருந்தது. இன்னொன்றில் தலையைத் திருப்பிவிட்டது. மூன்றாவதைத் தொட்டு "இது" என்றாள். மற்ற இரண்டையும் அவள் எதிரிலேயே அழித்துவிட்டோம்.

வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டாள். அவர் தளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலையாம், வாரம் ஒரு முறைதான் மலைக்கு வருகிறாராம். அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். அதில் படம் பார்க்க முடியாது.

மலைக்குப் போன படம்

மறுநாளே ஓசூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கடைக்காரர் வழக்கம்போல, "கொஞ்சம் கலர் ஏத்தி, முகத்தை வெளுப்பாக்கித் தரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம். அந்தப் பொண்ணு எந்த நிறமோ அந்த நிறத்திலேயே இருக்கட்டும்" என்று சொன்னேன்.

சுவரில் மாட்டப் பெரிதாக ஒன்று, கணவருக்குச் சட்டைப் பையில் வைக்கச் சின்னதாக ஒன்று. மலை வீட்டில் அடுப்புப் புகையும் பனி ஈரமும் காகிதத்தைச் சீக்கிரம் அரித்துவிடும், கண்ணாடிச் சட்டம் போட்டால் உடையும், குழந்தை இருக்கிற வீடு, அதனால் லாமினேஷன்தான் நல்லது என்று டீச்சர் சொல்லியிருந்தார். நாலு பக்கமும் விரல் அகலம் பிளாஸ்டிக் ஓரம் விட்டு, மாட்டும் துளையை அந்த ஓரத்தில் மட்டும் போடச் சொன்னேன். படத்திலேயே துளை போட்டால் அந்த வழியாக ஈரம் இறங்கிவிடும். நம் வீட்டுப் படங்களுக்கும் இது பொருந்தும்.

நாங்கள் சேலம் திரும்பி ஒரு வாரத்தில் டீச்சர் ஃபோன் செய்தார். படத்தைக் கையில் வாங்கியதும் அவள் முதலில் புறங்கையால் துடைத்தாளாம். பிறகு ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்துதான் சுவரில் மாட்டினாளாம். இப்போது இன்னும் நாலு தாய்மார்கள் டீச்சரிடம் கேட்கிறார்களாம். நாத்தனார் மகள் அடுத்த லீவில் மலைக்குப் போய் அவர்களுக்கும் எடுத்துக் கொடுக்கப்போகிறாள். பிரிண்ட் செலவு தன் கைச்செலவுப் பணத்தில் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இந்தக் கட்டுரையோடு அந்தத் தாயும் சேயும் இருக்கும் படம் வராது. பெயரையும் ஊரையும்கூட நான் எழுதவில்லை. அவள் கொடுத்த சம்மதம் அவள் வீட்டுச் சுவருக்கு. பத்திரிகைக்கு அல்ல. ஆசிரியருக்கு அய்யூர் சாலையின் படம் ஒன்று மட்டும் அனுப்பியிருக்கிறேன்.

போகிற சகோதரிகளுக்கு

அங்கன்வாடி டீச்சர், செவிலியர், பள்ளி ஆசிரியர் என்று ஊருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகவே மலைக்கிராமங்களுக்குப் போங்கள். சரணாலயக் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் இருப்பதால் வெயில் தாழ்வதற்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

குழந்தையைப் படம் எடுக்க ஆசைப்பட்டால் தாயிடம் கேளுங்கள். மிட்டாய் கொடுத்துக் குழந்தையைச் சிரிக்க வைத்து எடுக்காதீர்கள். அவள் பேசாமல் இருந்தாலோ முகத்தைத் திருப்பினாலோ வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

எடுத்தால், காகிதத்தில் அச்சடித்துக் கையில் சேரும்படி அனுப்புங்கள். யார் மூலம் அனுப்புவது என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புவது தனி விஷயம். அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

முன்பு எப்போதோ இப்படி ஒரு மலை ஊரில் எடுத்த குழந்தைப் படம் உங்கள் ஃபோனிலோ பீரோவிலோ கிடக்கிறதா? எந்த ஊர் என்று ஞாபகம் இருந்தால் ஒரு பிரதி எடுத்து அந்த ஊர்ப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பிப் பாருங்களேன். அங்கே ஒரு தாய் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.